மூன்று மணி வரை ஓடிய லிஃப்ட்

இளவரசி வரப்போகிறார் என்பது எனக்குத் தெரிந்தது என் உள்ளங்கையில் ஒட்டிய பெயிண்டால்தான். ஏழாவது மாடியிலிருந்து பால் வாங்க இறங்கியவள், மூச்சு வாங்குகிறதே என்று இரண்டாவது மாடிச் சுவரில் கை வைத்தேன். கை முழுக்க வெளிர்பச்சை. கீழ்ப்படியில் ஒருவன் பிரஷ்ஷோடு உட்கார்ந்திருந்தான்.

"யாரு வீட்டுக் கல்யாணம் இது?" என்றேன்.

"ராஜ குடும்பத்துல இருந்து வராங்கம்மா, அடுத்த வியாழக்கிழமை. இந்த மாடி வரைக்கும்தான் அடிக்கச் சொன்னாங்க."

"மூணாவது மாடிக்காரங்க என்ன பாவம் பண்ணினாங்களாம்?"

"கீழே நின்னு பாத்தா அதுக்கு மேல கண்ணுக்குத் தெரியாதாம். மொட்டை மாடியில தேனீ வளக்கறதைப் பாக்க அவங்க லிஃப்ட்ல போயிடுவாங்க."

லிஃப்டில்! பதினொரு மாதமாக அந்த லிஃப்டின் கதவில் தொங்கிய 'பழுது' அட்டைகூட வெளுத்துப் போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பாலே வாங்காமல் திரும்ப ஏறிவிட்டேன். மேலே போனதும்தான் அது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று புரிந்தது.

என் கணவன் வில்ஃபிடம் சொன்னேன். அவன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. முப்பத்திரண்டு வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். சர்க்கரை வியாதியில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று, சக்கர நாற்காலி வந்தது. இப்போது இடது பாதத்தில் ஒரு விரல் கறுத்துக்கொண்டு வருகிறது. டாக்டர் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். தூக்கிக்கொண்டு இறங்க ஆள் வருவதாக ஆஸ்பத்திரியில் இரண்டு முறை நாள் குறித்தார்கள், இரண்டு முறையும் ஆள் இல்லை என்று ரத்து செய்தார்கள். பதினொரு மாதமாக வில்ஃப் ஆற்றை ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறான். எனக்கு இருந்த கவலையெல்லாம் அந்த ஒரு பாதம்தான்.

ராஜ குடும்பம் என்றால் வில்ஃபுக்கு உயிர். முடிசூட்டு விழா, கல்யாணம், பொன்விழா என்று ஒவ்வொன்றுக்கும் வெளியிட்ட படம் போட்ட கோப்பைகள் ஏழு வைத்திருக்கிறான். அவற்றில் யாரும் டீ குடிக்கக் கூடாது. நானோ தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்காதவள். நாற்பத்தாறு வருஷமாக எங்கள் வீட்டில் இதே சண்டைதான்.

"அவங்களுக்காக நாம கட்டற வரி தலைக்கு வருஷத்துக்கு ஒரு ரொட்டி வெல ஆகுமா, கிளெண்டா? அதுக்குப் போய் இப்படிக் குதிக்கிறியே."

"அந்த ரொட்டிய எங்கிட்டக் குடு. வெண்ணெ தடவித் தின்னுட்டுப் பேசாமப் போறேன்."

"அவங்களும் வேலை செய்யறாங்க."

"என்ன வேலை, கை குலுக்கறதா? நாளைக்கே எனக்குக் குடு, துறைமுகம் வரைக்கும் குலுக்கிட்டு வரேன்."

கட்டடம் ஒரு வீட்டுக் கம்பெனிக்குச் சொந்தம். அதன் அதிகாரி டிரான்டர் கீழே உள்ள பொதுக்கூடத்தில் எங்களைக் கூட்டி வைத்துப் பாடம் நடத்தினார். இளவரசி பேசிய பிறகுதான் நாம் பேச வேண்டும். 'மேடம்' என்று சொல்ல வேண்டும். பெண்கள் விரும்பினால் முழங்கால் மடக்கி வணங்கலாம், கட்டாயமில்லை.

"குறை எதுவும் சொல்லாதீங்க. குறிப்பா லிஃப்ட். அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது, சங்கடப்படுவாங்க."

"ஒண்ணும் பண்ண முடியாதுன்னா எதுக்கு வராங்க?" என்று கேட்டேன்.

"நம்மள உற்சாகப்படுத்தத்தான்."

"லிஃப்ட் ஓடினா நான் துள்ளிக் குதிப்பேனே, சார்!"

எல்லோரும் சிரித்தார்கள். டிரான்டர் மட்டும் சிரிக்கவில்லை. நான் அன்றே முடிவு செய்துவிட்டேன். முழங்கால் மடக்க மாட்டேன். லிஃப்டைப் பற்றி முகத்துக்கு நேரே கேட்டுவிடுவேன். வில்ஃபிடம் சொன்னபோது அவன் காதைப் பொத்திக்கொண்டான்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வெளியே ஒரு முனகல் சத்தம். அந்தச் சத்தத்தை மறந்தே போயிருந்தேன். கதவைத் திறந்தால், லிஃப்ட் ஏழாவது மாடியில் விளக்கெரிய நிற்கிறது! வில்ஃப் நீலக் கோட்டு போட்டு, டை கட்டித் தயாராக இருந்தான். லிஃப்டுக்குள் கொடித் தோரணங்கள் கட்டியிருந்தார்கள். அதன் பின்னால் சுவரில் ஏதோ காகிதம் ஒட்டியிருந்தது. அதைப் படிக்க யாருக்குப் பொறுமை இருந்தது?

வாசலுக்கு வெளியே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். ஆற்றிலிருந்து காற்று வந்து அவன் டையைத் தோளுக்கு மேல் தூக்கிப் போட்டது. வில்ஃப் அழுதான். நானும்தான். அவனுக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டேன்.

பதினொன்றரைக்கு இளவரசி வந்தார். மஞ்சள் கோட்டு, சின்ன உருவம். வரிசையில் கை கொடுத்துக்கொண்டே வந்தார். என் முன்னால் நின்று, "இங்க உங்களுக்கெல்லாம் சௌகரியமா இருக்கா?" என்றார். எத்தனை நாள் ஒத்திகை பார்த்திருப்பேன்! என் முழங்கால் தானாக மடங்கியது. வாய், "எல்லாம் ரொம்ப அருமையா இருக்கு மேடம், நன்றி" என்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அதைச் சொன்னது யார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அடுத்தது வில்ஃப். ராஜ குடும்பத்தார் போகிற இடமெல்லாம் கேட்கிற கேள்வியைத்தான் அவனிடமும் கேட்டார்.

"ரொம்ப தூரத்துல இருந்தா வரீங்க?"

"ஏழு மாடிங்க, மேடம்," என்றான் வில்ஃப். "வந்து சேர பதினொரு மாசம் ஆச்சு."

டிரான்டரின் முகம் சுவர்ப் பெயிண்டின் நிறத்துக்குப் போனது. இளவரசி நாற்காலிப் பக்கம் குனிந்தார். வில்ஃப் எல்லாவற்றையும் சொன்னான், லிஃப்ட், ஆஸ்பத்திரி, கறுத்த விரல் எல்லாம். அவர் முழுதாகக் கேட்டார், அதை நான் மறுக்க மாட்டேன். "இத யாராவது கவனிக்கணுமே," என்று பின்னால் திரும்பிச் சொன்னார். கூட வந்த செயலாளர் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். அப்புறம் லிஃப்டில் ஏறி மொட்டை மாடித் தேனீப் பெட்டிகளைப் பார்த்தார், இறங்கி வந்து கூடத்தில் பளிங்குப் பலகையின் திரையை விலக்கினார், பாதி கேக் சாப்பிட்டார், கிளம்பினார்.

"பாத்தியா?" என்றான் வில்ஃப். "நோட்டுல எழுதினாரு."

"வீட்டுக்குப் போலாமா?"

"ஆத்தைக் கொஞ்சம் பாத்துட்டுப் போலாம், கிளெண்டா."

"சரிடா, மெதுவாப் போலாம். இன்னொரு டீ குடி," என்று சொன்னது நான்தான். என்னை நானே எத்தனை தடவை திட்டிக்கொண்டேன் தெரியுமா!

மூன்றே கால் ஆகியிருக்கும், லிஃப்டுக்கு வந்தோம். விளக்கு அணைந்திருந்தது. மெக்கானிக் தோரணங்களை அவிழ்த்துக்கொண்டிருந்தான். பின்னால் இருந்த காகிதம் இப்போது நன்றாகத் தெரிந்தது. பாதுகாப்புச் சான்றிதழ், இன்று பிற்பகல் மூன்று மணி வரை மட்டும் செல்லும்.

"மேல போகணும்பா," என்றேன்.

"மூணு மணிக்கு மேல நான் ஓட்டினா என் வேலை போயிடும்மா. அவங்க வந்துட்டுப் போறதுக்கு மட்டும்தான் சான்றிதழ்."

"இவரு வீடு ஏழாவது மாடி!"

"அப்போ ஏன்மா கீழே வந்தீங்க?"

தீயணைப்பு வண்டிக்குச் சொன்னேன். நான்கு பேர் வந்து, மேலே தூக்கிவிடுகிறோம், ஆனால் ஆஸ்பத்திரிக்காக இறக்குவதெல்லாம் எங்கள் வேலையில்லை என்றார்கள். வில்ஃப் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாம். மேல போனா நான் திரும்ப இறங்க மாட்டேன். நோட்டுல எழுதியிருக்காங்க. அவங்க ஆளு பாக்க வரும்போது நான் இங்கதான் இருப்பேன்."

பொதுக்கூடத்தில் டீக்கடை நடத்துகிற பௌலெட்தான் கைகொடுத்தாள். கூடத்தின் பின்னறையைத் திறந்துவிட்டாள். சர்ச்சிலிருந்து மடக்குக் கட்டில் வாங்கி வந்தாள். செவ்வாய்க்கிழமை நானே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் விரலைப் பார்த்துவிட்டு, "இன்னும் காப்பாத்தலாம். ஆனா ரெண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை நான் பாத்தே ஆகணும். விட்டீங்கன்னா பாதமே போயிடும்," என்றார். ஆக, கீழே இருந்தால் பாதம் பிழைக்கும், ஆனால் வீடு கிடையாது.

காலையில் பௌலெட்டின் கடையில் இதே பேச்சுதான்.

"அந்தம்மா ஒரு கம்மல வித்தா பத்து லிஃப்ட் வாங்கலாம்," என்றேன்.

"அதெல்லாம் அவங்களுது இல்ல கிளெண்டா, நாட்டோடது. விக்க முடியாது," என்றாள் பௌலெட்.

"நாட்டோடதுன்னா நம்மளோடது. என் பங்குக் கம்மல எங்கிட்டக் குடுக்கச் சொல்லு, நானே வித்துக்கறேன்."

"அவங்களுக்கு அதிகாரம் இல்லடி. இதுல எல்லாம் தலையிடக் கூடாது. தலையிட்டா நீதான் மொதல்ல கத்துவ."

ஆமாம், கத்தியிருப்பேன். 'யார் இவளைத் தேர்ந்தெடுத்தது, எங்கள் கட்டடத்தில் இவளுக்கு என்ன வேலை' என்று ஐம்பது வருஷமாகக் கத்துகிறவள் நான். இப்போது தினமும் காலையில் தபால்காரரை வாசலிலேயே மடக்குகிறேன். இளவரசி தலையிட வேண்டும் என்று கேட்கிறேனா, கூடாது என்கிறேனா? ஒரு போன் போட்டு லிஃப்டை ஓட வைத்தால் நான் சொன்னதெல்லாம் தப்பாகிவிடும். தப்பாகட்டுமே, வில்ஃபின் பாதம் இருந்தால் போதும் என்றும் தோன்றியது. எதன் மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் போய்விட்டது.

பத்தாம் நாள் வீட்டுக் கம்பெனியின் கடிதம் வந்தது. 'தங்கள் விஷயம் அரண்மனையின் கவனத்துக்குச் சென்றுள்ளதால், அங்கிருந்து பதில் வரும்வரை நாங்கள் முடிவெடுப்பது முறையாகாது.' மூன்று தடவை படித்தேன். பௌலெட்டையும் படிக்கச் சொன்னேன். அவளும் மூன்று தடவை படித்தாள்.

இருபத்திரண்டாம் நாள் கனமான காகிதத்தில், மேலே சிவப்பு முத்திரையோடு அடுத்தது வந்தது. வில்ஃப் என்னைத் தொடவிடாமல் அவனே வெண்ணெய்க் கத்தியால் உறையைக் கிழித்தான். இளவரசிக்கு அவனைச் சந்தித்ததில் மிகுந்த மகிழ்ச்சியாம். அந்த உரையாடலை அடிக்கடி நினைத்துக்கொள்கிறாராம். ஆனால் வீட்டு உரிமையாளரின் பொறுப்பில் உள்ள விஷயங்களில் அவர் தலையிட இயலாது. ஆகவே விஷயத்தை உரிமையாளரான வீட்டுக் கம்பெனிக்கே அனுப்பியிருக்கிறார்கள்.

வில்ஃப் கடிதத்தை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தான். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தான். கேலி செய்ய நாற்பத்தாறு வருஷத்தில் இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. ஆனால் நான் வெண்ணெய்க் கத்தியைத் துடைத்து வைத்தேன்.

"அவங்கள ஃபோன் பண்ணி வரச் சொல்லு," என்றான்.

"யார?"

"தீயணைப்புக்காரங்கள. இந்த ரூம் ரொம்ப சில்லுனு இருக்கு, கண்ணு."

பின்னறையில் யாரும் தங்கக் கூடாது என்று டிரான்டரும் அதற்குள் இரண்டு முறை சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்று மதியமே நான்கு பேர் வந்து தூக்கினார்கள். இரண்டாவது மாடி வரை பச்சை, அதற்கு மேல் பழைய அழுக்கு. வில்ஃப் கண்ணை மூடிக்கொண்டே வந்தான்.

வீட்டுக்குள் வந்ததும் ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். டீ போட்டேன்.

"அந்த முடிசூட்டுக் கோப்பையில குடு," என்றான்.

"எதுல?"

"கேட்டுச்சுல்ல? அதுலதான். கோப்பை எதுக்கு இருக்கு? டீ குடிக்கத்தானே."

அலமாரியைத் திறந்து எடுத்தேன். தூசி கழுவினேன். அவன் அந்தக் கோப்பையை வைத்துக்கொண்டு சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் கடைசிச் சொட்டு வரை குடித்தான்.

அப்புறம் மேஜையில் உட்கார்ந்து நான் கடிதம் எழுதினேன். தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்காத கிளெண்டா, இளவரசிக்கு! மரியாதைச் சொற்களெல்லாம் எனக்குத் தெரியாது. வில்ஃப் ஜன்னலைப் பார்த்தபடியே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தான். முடிவில் 'தங்கள் மிகப் பணிவான ஊழியை' என்று போட வேண்டுமாம். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன். நடுவில் எழுதியது மட்டும் என்னுடையது.

'மேடம், உங்களால் எதிலும் தலையிட முடியாது என்பது எங்களுக்குப் புரிகிறது. நீங்கள் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம். நீங்கள் வந்தால் எங்கள் லிஃப்ட் ஓடுகிறது, அது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை, விளங்கவும் வேண்டாம். வருகிற பதினெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு என் கணவருக்கு ஆஸ்பத்திரி. அன்றைக்கு வேறு வேலை இல்லையென்றால் தயவுசெய்து வாருங்கள். யாருக்கும் கை கொடுக்க வேண்டியதில்லை. காரை விட்டு இறங்கி நின்றால் போதும். அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தால் போதும். கேக் நான் செய்து வைக்கிறேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். போன தடவை மாதிரி சீக்கிரம் கிளம்பிவிடாதீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் திரும்பி வந்து, அவரை மேலே ஏற்றி முடிக்கிற வரைக்கும் இருங்கள்.'