சதுக்கத்தில் வேண்டாம்

நாற்காலியை உதைப்பதற்காக ஃபரங்கீஸ் மேடைப் படியில் கால் வைத்தபோது, யாரோ கடித்துத் துப்பிய சூரியகாந்தி விதைத் தோல் அவள் செருப்பின் மேல் வந்து விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். பழச்சந்தைச் சதுக்கம் முழுக்கத் தலைகள். விடிந்தும் விடியாத குளிரில் குடும்பம் குடும்பமாகப் போர்வை போர்த்திக்கொண்டு வந்திருந்தார்கள். கடைக் கூரைகளில் இளவட்டங்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

மேடைமேல் ஷாஹின் நாற்காலியில் நின்றிருந்தான். கழுத்தில் கயிறு. கண்ணில் கறுப்புத் துணி.

மூன்று வருடங்களுக்கு முன் இதே சதுக்கத்தில், வண்டி நிறுத்தும் இடத்துக்காக வந்த வாய்த்தகராறில், அவன் ஃபரங்கீஸின் தம்பி கியூமர்ஸின் விலாவில் கத்தியை இறக்கினான். முலாம்பழம் ஏற்றிய தன் வண்டியின் சக்கரத்தில் சாய்ந்தபடியே கியூமர்ஸ் செத்துப்போனான். அவர்களுடைய அம்மா இறந்தபோது கியூமர்ஸ் கைப்பிள்ளை. ஃபரங்கீஸுக்குக் கல்யாண வயது. வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்துவிட்டு அவனை வளர்த்தாள். அவனுக்கு மீசை முளைத்த பிறகுதான் ஹெம்மத்தைக் கட்டிக்கொண்டாள். கியூமர்ஸின் இரத்தத்துக்கு உரியவள் என்று நீதிமன்றத்தில் நிற்க அவளைவிட்டால் வேறு ஆள் இல்லை. மன்னிப்பதோ கொல்வதோ தள்ளிப்போடுவதோ அவள் உரிமை. யார் கேட்டாலும் அவள் சொன்னது ஒன்றுதான். உயிருக்கு உயிர்.

சதுக்கத்தில் வைத்துச் செய்வது அவள் கேட்டதல்ல. ஊரில் கத்திக்குத்து பெருகிவிட்டது, நாலு பேர் கண்ணால் பார்த்தால்தான் பயம் வரும் என்று உதவி அரசு வழக்கறிஞர் முடிவு செய்திருந்தார். எங்கே என்றால் என்ன, அவன் செத்தால் போதும் என்று அவளும் தலையாட்டிவிட்டாள்.

இப்போது அவர் ஒலிபெருக்கியைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். "குடிமகன் ஒருவரைக் குத்திக் கொன்ற குற்றத்துக்காக, இமாம்குலி மகன் ஷாஹினுக்கு இந்தத் தண்டனை. இடுப்பில் கத்தியோடு அலையும் ஒவ்வொருவனும் இவனைப் பார்த்துப் பாடம் கற்றுக்கொள்ளட்டும்!"

கூட்டம் கை தட்டியது. கூரைமேல் ஒருவன் கழுத்தைச் சாய்த்து நாக்கைத் தொங்கவிட்டுக் காட்ட, பக்கத்தில் இருந்தவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"உதை! உதை!" என்று கத்தி யாரோ விசிலடித்தார்கள்.

ஃபரங்கீஸ் மேடை ஏறி அதிகாரியின் முன்னால் போய் நின்றாள்.

"என் தம்பி பேரை ஏன் சொல்லல?"

"எதும்மா?"

"குடிமகன்னு சொன்னீங்க. அவனுக்குப் பேர் இல்லையா?"

அவர் ஒலிபெருக்கியைக் கையால் மூடிக்கொண்டார். "ஃபரங்கீஸ் கானும், இது உங்க வீட்டு விஷயம் மட்டும் இல்ல. சமுதாயத்துக்கான விஷயம்."

"சமுதாயமா அவனைக் குளிப்பாட்டி வளர்த்துச்சு?"

"நேரமாகுது. சீக்கிரம் முடிங்க."

"கண்ணை எதுக்குக் கட்டியிருக்கீங்க? யார் கையால சாகுறோம்னு இவனுக்குத் தெரிய வேணாமா?"

"சதுக்கத்துல அதெல்லாம் முடியாது. பொம்பளைங்க, குழந்தைங்க பார்க்கறாங்க."

அவள் ஷாஹினைப் பார்த்தாள். இரவெல்லாம் அவனிடம் சொல்ல வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தாள். இந்த இரைச்சலில் அதில் ஒரு வார்த்தைகூட அவன் காதில் ஏறாது. இத்தனை நாள் நெஞ்சில் பொத்தி வளர்த்த நெருப்பில் ஊர் குளிர்காய்ந்துகொண்டிருந்தது.

"இங்க வேணாம். இறக்குங்க அவனை," என்றாள்.

"என்ன பேசறீங்க? எத்தனை ஏற்பாடு, எத்தனை காவல்..."

"தள்ளிப்போட எனக்கு உரிமை உண்டுன்னு சொன்னது நீங்கதான். சிறைக்குள்ள வச்சுக்கங்க. நானும் அவனும் நேருக்கு நேர் இருக்கணும். உங்க பாடத்துக்கு வேற ஆளைப் பாருங்க."

காவலர்கள் கயிற்றைக் கழற்றியதுதான் தாமதம், கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குலவை கிளம்பியது. "மன்னிச்சுட்டா! மன்னிச்சுட்டா!" சதுக்கமே அழுதது. முன்பின் தெரியாதவர்கள் கட்டிக்கொண்டார்கள். ஷாஹினின் தாய் குலந்தாம் எங்கிருந்தோ ஓடிவந்து ஃபரங்கீஸின் காலைப் பிடித்துக்கொண்டு பாதத்தில் முகத்தைத் தேய்த்தாள்.

"விடு. நான் மன்னிக்கல," என்றாள் ஃபரங்கீஸ், குனிந்து அவள் காதில். "நாலு சுவத்துக்குள்ள நானே செய்வேன்."

கணுக்காலைப் பிடித்திருந்த விரல்கள் மெல்ல விட்டன.

அந்த வாரம் முழுக்க வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். குங்குமப்பூ அல்வா கொண்டுவந்தார்கள், பூங்கொத்து கொண்டுவந்தார்கள். "நான் மன்னிக்கல, இடத்தைத்தான் மாத்தினேன்," என்று அவள் வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

"பெரிய மனசு உள்ளவங்க ஒத்துக்க மாட்டாங்க," என்றாள் எதிர்வீட்டுக்காரி.

அல்வாவை அப்படியே குப்பையில் கொட்டினாள் ஃபரங்கீஸ்.

"விட்டுடேன்," என்றான் ஹெம்மத் ஒரு நாள், தேநீரைப் பார்த்தபடியே. "ஊரே மன்னிச்சதா நினைக்குது. அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே."

"குத்துனப்போ ஊரா செத்துச்சு?"

அவன் தேநீரை எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.

அடுத்த புதன்கிழமை விடியலில் இருவரும் சிறைக்குப் போனார்கள். சுவருக்குள் சிறிய முற்றம். அதிகாரி, மருத்துவர், காவலர் இரண்டு பேர். அவள் கேட்டபடியே ஷாஹினின் கண்ணில் துணி இல்லை. ஒரு வாரத்தில் அவன் முகம் பாதியாகியிருந்தது. மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று சிறைக்குள்ளும் யாரோ சொல்லியிருக்க வேண்டும்; கயிற்றைப் பார்த்த பிறகும் அவன் அவளைத்தான் நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

கோத்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை.

"யாரைக் கொன்ன? சொல்லு."

"அக்கா..."

"பேரைச் சொல்லு."

"கியூமர்ஸ்."

"சத்தமா."

"கியூமர்ஸ்!" அடிவயிற்றிலிருந்து வந்த குரல் பாதியில் உடைந்தது. காவலர்களில் ஒருவன் தரையைப் பார்த்தான்.

அவள் உதைத்தாள். நாற்காலி அவள் நினைத்ததைவிட லேசாக இருந்தது.

ஹெம்மத் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் திரும்பவில்லை. கால்கள் அடங்கும்வரை, மருத்துவர் வந்து மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துத் தலையசைக்கும்வரை, கண்ணை எடுக்காமல் பார்த்தாள். ஏதோ ஒன்று தீர்ந்தது. என்ன தீர்ந்தது என்று தெரியவில்லை.

வாசலுக்கு வெளியே குலந்தாம் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கதவு திறந்த சத்தத்துக்கு நிமிர்ந்து ஃபரங்கீஸின் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து, பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, பிள்ளையை வாங்கிக்கொள்ள உள்ளே போனாள்.

திரும்பும் வழியில் ஃபரங்கீஸ் வண்டியை நிறுத்தச் சொன்னாள். "வீட்ல ரொட்டி இல்ல."

நூருல்லாவின் ரொட்டிக் கடையில் அந்த நேரத்தில் வேறு யாரும் இல்லை. அவளைப் பார்த்ததும் அவன் மாவுக் கையோடு நெஞ்சைத் தொட்டான்.

"ஃபரங்கீஸ் கானும்! உங்க வீட்டுக்கே வரணும்னு இருந்தேன். என் பெரியவனைத் தெரியுமில்ல? இடுப்புல கத்தி இல்லாம வாசப்படி தாண்ட மாட்டான். நானும் அடிச்சுப் பார்த்தேன், அழுது பார்த்தேன். போன வாரம் சதுக்கத்துக்குத் தூக்கைப் பார்க்கணும்னு குதிச்சுக்கிட்டுப் போனான். திரும்பி வந்து ஒண்ணுமே பேசல. கத்தியை எடுத்து என் கைல குடுத்தான். 'அப்பா, அந்தம்மாவாலயே மன்னிக்க முடிஞ்சிருக்கு'ன்னான். அவ்வளவுதான் சொன்னான்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கன்னமெல்லாம் மாவு.

ஹெம்மத் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஃபரங்கீஸ் அவனைப் பார்த்தாள். அவன் சட்டைப் பையில் காசைத் தேடினான்.

அடுப்புக்குள் பரப்பிய சுடுகூழாங்கற்கள் மேல் வெந்த ரொட்டியை நூருல்லா நீளமாக இழுத்துக் கம்பிப் பலகைமேல் போட்டான். அவள் குனிந்து, அதில் ஒட்டியிருந்த சுடுகற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப்போட ஆரம்பித்தாள்.

"சுடும் கானும், ஆறட்டும்," என்றான் அவன்.

கற்களெல்லாம் தீர்ந்த பிறகும் அவள் விரல்கள் ரொட்டியின் மேல் தடவித் தேடிக்கொண்டே இருந்தன.