படத்துக்குப் போட்ட தோடு

குபாத்துக்கு வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும். ரய்கானின் தாய்மாமன் அவர். கால்நடை மருத்துவம் படிக்க ஜெர்மனி போகவேண்டுமென்று அவள் போட்ட விசா மனு திரும்பி வந்த அன்று, கடிதத்தை அவள் கையிலிருந்து பிடுங்கி உரக்கப் படித்தவரும் அவர்தான். படிப்பு முடிந்து நாடு திரும்புவார் என்ற நம்பிக்கை ஏற்படவில்லை என்று அதில் இருந்தது.

“பாத்தியா? கல்யாணம் ஆகாத பொண்ணுன்னா அவனுங்களுக்குக் கட்டாத குதிரை. நிச்சயம் ஆயிருச்சுன்னு ஒரு போட்டோ வை. மறுபேச்சு பேசாம முத்திரை குத்துவான்.”

“யாரோட நிச்சயம் மாமா?”

“நம்ம சயரா மகன் எர்மெக் இருக்கான்ல? சும்மா படத்துக்குத்தான்டி. எடுத்து முடிச்சதும் தோட்டைக் கழட்டிக் குடுத்துரு.”

அவர்கள் ஊரான கொச்கோரில் பிள்ளையின் தாய் வந்து பெண்ணின் காதில் தோடு போட்டால் நிச்சயம் முடிந்தது. போட்டால் போட்டதுதான். ரய்கானுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அவசரக்காரிக்குப் புத்தி மட்டு. விசாவைத் தவிர அப்போது வேறெதுவும் அவள் கண்ணில் படவில்லை. இருபது வயது வரை காது குத்தாமல் இருந்தவளுக்கு, ஊசியை நெருப்பில் காட்டி சயராவே குத்தினாள். வெள்ளித் தோடு, தலையில் வெள்ளைத் துணி, எதிரே எண்ணெயில் பொரித்த பொர்சோக் ரொட்டிக் குவியல். எர்மெக் தொலைந்த மாட்டைத் தேடி வந்தவன் போல ஓரமாக நின்றான். படம் எடுத்தார்கள். இந்த நிச்சயம் உண்மையானது, பொய்யென்றால் சட்டப்படி தண்டனைக்கு உட்படுகிறேன் என்று மாமா ஒரு கடிதம் எழுதிப் பெரிதாகக் கையெழுத்தும் போட்டார்.

தோட்டைக் கழட்டப் போனவளின் கையை சயரா பிடித்துக்கொண்டாள். “விசா வர்ற வரைக்கும் கிடக்கட்டும்டி. யாராச்சும் விசாரிச்சு வந்தா என்ன பண்ணுவ?”

மறுபடி மனுப் போடத் தலைநகர் பிஷ்கெக்குக்குப் போனாள். ஜெர்மன் தூதரகக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், படத்தையும் கடிதத்தையும் இரண்டு விரலால் திருப்பித் தள்ளினாள். “பட்டியல்ல இல்லாத காகிதம் எதுவும் வாங்க மாட்டோம்.”

ரய்கானுக்குக் காது சீழ் கட்டி விண்விண்ணென்று தெறித்தது. இதற்கா குத்தினார்கள்? கண்ணாடியை உடைக்கலாம் போலிருந்தது. காகிதங்களை மடித்துப் பையில் திணித்தாள். அந்தச் சூடு ஆறுவதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள்.

“படிச்சு முடிச்சு ஏன் திரும்பி வருவீங்க?” என்றார் அதிகாரி.

“போன வசந்தத்துல எங்க பக்கம் அறுபது ஆடு செத்துச்சு. டாக்டர் நாலாம் நாள் வந்தாரு. அதுவும் குடிச்சுட்டு வந்தாரு. எனக்கு அந்த ஆளோட நாற்காலி வேணும். அது கொச்கோர்ல இருக்கு. நான் வேற எங்க போவேன்?”

அதுவரை குனிந்திருந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். பிறகு எதையோ எழுதிக்கொண்டார்.

விசா வந்துவிட்டது. வண்டிக்கு டயர் வாங்க பிஷ்கெக் போன மாமாவிடம், பாஸ்போர்ட்டை வாங்கி வரச்சொல்லி அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். மாமா வந்தார், பாஸ்போர்ட் வரவில்லை. “சயரா வீட்டுல இருக்கு. அம்மாவையும் கூட்டிட்டு வா” என்றார்.

அம்மாவோடு போனால், அங்கே ஆடு வெட்டி விருந்து விரித்திருந்தது.

“உக்காரு மருமகளே” என்றாள் சயரா.

“பாஸ்போர்ட்டைக் குடுங்க அத்தை. வியாழக்கிழமை விமானம்.”

“பெட்டியில பத்திரமா இருக்கு. ஞாயித்துக்கிழமை கல்யாணம் முடியட்டும். படிப்பெல்லாம் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

“நான் போட்டோவுக்குத்தான்மா நின்னேன்” என்றான் எர்மெக்.

“நீ வாயை மூடுடா!”

மாமா கறித்துண்டைக் கடித்தபடி சொன்னார். “தோடு போட்டது ஊருக்கே தெரியும். இப்பக் கழட்டினா உங்கம்மா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வெளிய வருவா? தனியாப் போய் எவனையாவது இழுத்துட்டு வந்து நிப்ப. உன் நல்லதுக்குத்தான் முதல்லயே பேசி முடிச்சேன்.”

முதலிலேயே! ஆக, ஒரு நாளும் அது படத்துக்கு இல்லை. ரய்கானுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றி எரிந்தது. விரிப்பைச் சுருட்டி வீசியிருப்பாள், அதில் ரொட்டி இருந்தது; ரொட்டியை வீசுவது பாவம். அதனால் போனை எடுத்தாள்.

“யாருக்குடி?”

“தூதரகத்துக்கு. நிச்சயம் பொய்னு சொல்லப் போறேன். என் விசா போகும், போகட்டும். பூட்டி வச்ச பாஸ்போர்ட்டுல விசா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? ஆனா பொய்னா தண்டனைன்னு கையெழுத்துப் போட்டது நான் இல்ல மாமா, நீங்க. எர்மெக், போட்டோவுக்குத்தான் நின்னேன்னு போன்லயும் சொல்வியா?”

எர்மெக் தாயைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். “சொல்றேன்” என்றான்.

மாமா கறித்துண்டைத் தட்டில் வைத்தார். ஊருக்கெல்லாம் சட்டம் பேசுகிறவர் அவர். ஆனால் ஒரு போலீஸ்காரர் தெருவில் வந்தால் வீட்டுக்குள் போய்விடுவார்.

“சயரா... அதைக் குடுத்துத் தொலை.”

“தோடு போட்டவ நான்! ஊர் சிரிக்காது?”

“குடுன்னு சொல்றேன்ல!”

பெட்டி திறந்தது. ரய்கான் பக்கத்தைப் புரட்டி விசாவைப் பார்த்து, பாஸ்போர்ட்டைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டாள். பிறகு காதில் கை வைத்தாள். புண்ணோடு ஒட்டிக்கிடந்த தோடுகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு கழட்டி சயராவின் முன்னால் வைத்தாள். கடைசியாகப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து மாமாவின் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தாள்.

“இதை அவங்க வாங்கவே இல்ல மாமா. பட்டியல்ல கேக்கலையாம். உங்க கையெழுத்து இத்தனை நாளும் என் பையிலதான் கிடந்துச்சு.”

சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

மாமா காகிதத்தைப் பார்த்தார். விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த தங்கையின் பக்கம் திரும்பினார். “பாத்தியா புருல், உன் மகளை?”

“பாத்தேண்ணே” என்றாள் புருல். எழுந்து பூட்ஸை மாட்டிக்கொண்டு, மகளுக்குப் பின்னால் வாசலைத் தாண்டிப் போனாள்.