எண் இல்லாத உளி

வார்டருக்கு வயிறு எரிந்தது. மோர் குடித்தால் அடங்குகிற ரகம் இல்லை. சிறைக்குள் தச்சுப் பட்டறை என்று ஒன்றைத் திறந்து, அதன் வாசலில் அவரைக் காவலுக்கு நிறுத்திய நாளிலிருந்து எரிகிற எரிச்சல் அது. உள்ளே திருட்டு, அடிதடி, மோசடி என்று வந்தவர்கள் சட்டையெல்லாம் மரத்தூளோடு நாற்காலி செய்கிறார்கள். வாசலில், வாழ்க்கையில் ஒரு பென்சிலைக் கூடத் திருடாத மனிதர் இடுப்பில் சாவிக்கொத்தோடு நின்று வேடிக்கை பார்க்கிறார். இது எந்த ஊர் நியாயம்?

அதிலும் அந்த ஜன்னல் இருக்கிறானே, அவனைக் கண்டால்தான் அவருக்கு ஆகவே ஆகாது. ஜன்னல் என்பது அவன் பெயரில்லை, பட்டம். ஆள் இல்லாத வீடுகளில் ஜன்னல் கம்பியை வளைத்து இறங்குவது அவன் பழைய தொழில். சக கைதிகள் வைத்த பட்டம் அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது அதே ஆள் ஜன்னல் சட்டம் செய்கிறான். ஏனோதானோ என்று செய்தாலாவது வார்டர் மனசு ஆறியிருக்கும். பாவி, மூலைக்கு மூலை முடி நுழையாதபடி சேர்க்கிறான். தச்சு மாஸ்டர் லேசில் வாய் திறந்து யாரையும் பாராட்டாதவர். அவரே கட்டைவிரலால் இணைப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "சபாஷ்டா! நீ வெளியில போறப்ப என் சிநேகிதன் பட்டறையில உனக்கு எடம் ரெடி" என்பார்.

ஒவ்வொரு சபாஷும் வார்டரின் நெஞ்சில் போய்க் குத்தும். இத்தனை வருஷ சர்வீஸில் அவரைப் பார்த்து ஒருத்தர் சபாஷ் சொன்னதுண்டா? பூட்டை எவ்வளவு அழகாகப் பூட்டினாலும் யார் கை தட்டப் போகிறார்கள்?

சின்ன வயதில் அவருக்கும் மரவேலை மேல் கொள்ளை ஆசை. "அரசாங்க வேலை தேடி வர்றப்ப உளியத் தூக்கிட்டு அலையறேங்கறியே, உனக்கு மூளை கீளை இருக்கா?" என்று அப்பா ஒரே போடாகப் போட்டுவிட்டார். அந்த ஆசை செத்துப்போனது என்றுதான் அவரும் நினைத்திருந்தார். பட்டறையின் மர வாசனை அதைத் தட்டி எழுப்பிவிட்டது. ஒருநாள் வெட்கத்தை விட்டு மாஸ்டரிடம் கேட்டார்.

"மாஸ்டர், நானும் அப்படி ஓரமா உக்காந்து கத்துக்கவா?"

"அடடா, இது கைதிங்களுக்கு மட்டும்தானே சார்! உங்களுக்குக் கத்துக்குடுத்தா என்னத் தூக்கி உள்ள போட்டுருவாங்க" என்று மாஸ்டர் சிரித்தார். அவர் வெள்ளந்தியாகத்தான் சிரித்தார். ஆனால் பட்டறை முழுக்கச் சிரித்தது, ஜன்னலும் சிரித்தான். வார்டருக்கு அந்தச் சிரிப்பு மட்டும்தான் காதில் விழுந்தது.

அன்றிலிருந்து காவலர்களின் ஓய்வறையில் அவர் வாய்க்குப் பூட்டே கிடையாது. "ஜெயில்னா வலிக்கணும்யா. வலிக்கலேன்னா அதுக்குப் பேர் ஜெயில் இல்ல, ஹாஸ்டல். திருட்டுப் பசங்களுக்குத் தொழில் கத்துக்குடுத்துத் திருத்தப் போறாங்களாம்! மாட்டினதும் எல்லாப் பயலும் என்ன சொல்றான்?" என்று நிறுத்தி, கைகளைக் கட்டி, தோளைக் குறுக்கி, குரலை இழுத்து, "மொதல் தடவைங்க மேடம்..." என்று நடித்துக் காட்டுவார். மேடம் என்றது சிறைக் கண்காணிப்பாளரை. பட்டறையைப் போராடிக் கொண்டுவந்தவர் அந்த அம்மாள்தான். வார்டரின் நடிப்புக்கு மற்ற காவலர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவர் வாங்கிய கைதட்டல் என்றால் அது ஒன்றுதான்.

வீட்டிலாவது நிம்மதி உண்டா? அவர் மனைவி சமையலறை மேல் தட்டு எட்டவில்லை என்று ஒரு ஸ்டூல் கேட்டாள். கடையில் வாங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிற ஆளா அவர்? "நானே செய்றேன்" என்று மார்தட்டினார். மூன்று வருஷம் வாசலில் நின்று பார்த்ததெல்லாம் எதற்கு? பழைய இரும்புக் கடையில் ஒரு உளி வாங்கினார். துரு ஏறி, முனை மழுங்கி, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. கட்டை வாங்கினார், அறுத்தார், குடைந்தார், அடித்தார். கூடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

ஸ்டூல் ஆடியது.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் மச்சினன். வந்தவன் சும்மா இருக்காமல் அதன் மேல் உட்கார்ந்து முன்னும் பின்னும் சாய்ந்தான். "மாமா, ஊஞ்சல் பிரமாதம்! கயித்த எங்க கட்டறது?"

"டேய், பேசாம இருடா" என்று மனைவி தம்பியை அதட்டினாள். அதட்டிய வாய் அடுத்த நொடியே, "என்னங்க, உங்க ஜெயில்ல ஒருத்தன் நல்லா செய்வான்னு சொல்வீங்களே, அவன்கிட்டயே ஒண்ணு செஞ்சு வாங்கிட்டு வரக்கூடாதா?" என்று கேட்டது.

ஐயோ, அதைக் கேட்டதற்கு அவள் ஒரு அறை விட்டிருக்கலாம். சொந்த வீட்டுக் கூடத்திலும் ஜன்னல் வந்து உட்கார்ந்துவிட்டான். வார்டருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அவனுக்கு மட்டும் எப்படி வருகிறது என்று யோசித்து யோசித்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். எல்லாம் உளி! நல்ல உளியை எடுத்துக் கொடுத்தால் யாருக்குத்தான் வேலை வராது? பொறாமைக்காரன் மூளை அப்படித்தான் வேலை செய்யும். எதிராளியின் கையில் திறமை இருக்கிறது என்று மட்டும் அது ஒத்துக்கொள்ளாது.

பட்டறைச் சுவரில் ஒரு பெரிய பலகை உண்டு. ஒவ்வொரு கருவியையும் அதில் வைத்து, சுற்றிக் கோடு போட்டு, உள்ளே கறுப்பு அடித்திருப்பார்கள். மாலையில் எல்லாக் கருவியும் அதனதன் இடத்தில் தொங்கினால் கறுப்பு தெரியாது. எங்காவது கறுப்பு பளிச்சென்று தெரிந்தால் ஒரு கருவி குறைகிறது என்று அர்த்தம். அது கிடைக்கும்வரை ஈ, காக்கை வெளியே போக முடியாது. கருவிகளை மாட்டும் பொறுப்பு ஜன்னலுடையது. பார்த்துச் சரி சொல்வது வார்டர். பிடிகளில் எண் சுட்டு வைத்திருந்தாலும், அந்த எண்களை ஒப்பிட்டுப் பார்ப்பது வருஷாந்திரச் சோதனையில்தான்.

கறுப்பு தெரியாமல் இருந்தால் போதும் என்பது வார்டரை விட யாருக்கு நன்றாகத் தெரியும்? மறுநாள் அவர் துருப்பிடித்த உளியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு வந்தார். மாலையில் எல்லாரும் போன பிறகு அதைப் பலகையில் மாட்டிவிட்டு, ஜன்னல் வழக்கமாக எடுக்கும் உளியைக் காலுறைக்குள் வைத்துக்கொண்டார். கைதிகளைத் தடவிப் பார்க்கலாம், வார்டரை யார் தடவிப் பார்க்கப் போகிறார்கள்? "திருட்டா இது? இரவல். ஸ்டூல் நேரா நின்னதும் கொண்டாந்து மாட்டிடப் போறேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். இந்த வசனத்தைக் கைதிகள் சொல்லி அவரே நூறு தரம் கேட்டிருக்கிறார்.

மறுநாள் காலை ஜன்னல் உளியை எடுத்தான். கட்டையில் ஒரு தட்டு தட்டினான், நின்றான். பிடியைத் திருப்பிப் பார்த்தான். பலகையைப் பார்த்தான். பிறகு நிதானமாக வார்டரின் சட்டைக் கையைப் பார்த்தான். அதன் மடிப்பில் மரத்தூள் ஒட்டியிருந்தது.

"வீட்டுல ஏதோ வேலை நடக்குது போலிருக்கு, ஐயா?"

"உன் வேலையப் பாருடா!" என்று வார்டர் எரிந்து விழுந்தார். சொல்லிக்கொண்டே சட்டைக் கையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

ஜன்னல் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. சாணைக்கல்லில் தண்ணீரைத் தெளித்துவிட்டு அந்தத் துருப்பிடித்த சனியனைத் தேய்க்க ஆரம்பித்தான். அன்றும் தேய்த்தான், மறுநாளும் தேய்த்தான். பொறுமையாக, ஒரு குழந்தைக்குத் தலை வாருகிற மாதிரி தேய்த்தான். அதற்கடுத்த நாள் அதே உளியால் ஒரு கதவுச் சட்டத்தைச் சேர்த்தான். மாஸ்டர் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"சபாஷ்டா!"

அங்கே வீட்டில், அருமையான சிறைச்சாலை உளியால் செதுக்கிச் செதுக்கி ஸ்டூல் ஒரு சாண் உயரத்துக்குக் குட்டையாகிப் போயிருந்தது. ஆட்டம் மட்டும் போகவில்லை. நல்ல உளி இவரிடம், சபாஷ் அவனிடம். வார்டர் ஸ்டூலைத் தூக்கிக் கட்டிலுக்கடியில் எறிந்தார். உளியை நாளைக்கே திருப்பி மாட்டிவிட வேண்டும் என்றுதான் நினைத்தார். ஆனால் மாட்டினால் அவன் கண்ணில் பட்டுவிடுமே, உள்ளுக்குள் சிரிப்பானே என்று தள்ளித் தள்ளிப் போட்டார்.

தள்ளிப் போட்டதற்கு வந்தது வினை. வருஷாந்திரச் சோதனையை இந்தத் தடவை முன்கூட்டியே வைத்துவிட்டார் கண்காணிப்பாளர். முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு காலையில் பட்டறைக்குள் வந்து, ஒவ்வொரு பிடியாகத் திருப்பி எண்ணைப் படித்தார். அந்த உளியிடம் வந்ததும் அவர் கை நின்றது.

"இதுல எண் இல்லையே."

வார்டர் முகத்தில் ஈயாடவில்லை.

"நம்ம உளி ஒண்ணு வெளியில போயிருக்கு. வெளி இரும்பு ஒண்ணு உள்ள வந்திருக்கு. இது சின்ன விஷயம் இல்ல" என்றார் கண்காணிப்பாளர். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "யாருன்னு தெரியலேன்னா இன்னியோட பட்டறைய மூடிருவேன். மூடச் சொல்லித்தான் மேலிடத்துல ஒத்தக் கால்ல நிக்கறாங்க. பலகை யார் பொறுப்பு?"

ஜன்னல் ஓரடி முன்னால் வந்தான். "என் பொறுப்பு, மேடம்."

"அடுத்த மாசம் உனக்கு விடுதலை. இதுல மாட்டினா அது ரத்தாகும். தெரியுமில்ல?"

"தெரியும், மேடம்."

"அப்ப சொல்லு. இது எப்படி உள்ள வந்துச்சு?"

அவன் வார்டர் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு கண்ணசைவு போதும், எல்லாம் முடிந்திருக்கும். அவன் தரையைப் பார்த்தபடி நின்றான். "யாரையும் கை காட்ட எனக்குத் தெரியாது, மேடம். பலகை என் பொறுப்பு, தண்டனைய எனக்கே குடுங்க. பட்டறைய மட்டும் மூடிடாதீங்க. இங்க இன்னும் பத்துப் பேர் கத்துக்கறாங்க."

முதலில் வார்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தப்பித்தோமடா சாமி! இனி அவனுக்கு விடுதலையும் இல்லை, சபாஷும் இல்லை. கேட்டு வாங்கினாலும் கிடைக்காத வரம் அல்லவா இது? ஆனந்தமாக நிமிர்ந்து பார்த்தார். பார்த்த இடத்தில் மாஸ்டர் நின்றிருந்தார்.

மாஸ்டரின் கண்கள் கலங்கியிருந்தன. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கதவுச் சட்டத்தையும் அவர் அப்படிப் பார்த்ததில்லை. வாயைத் திறக்காமலே ஆயிரம் சபாஷ் சொன்ன பார்வை அது. கண்காணிப்பாளரின் முகம் கூட இளகியிருந்தது.

வார்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதிலுமா? மரவேலையில்தான் ஜெயித்தான் என்றால் பெரிய மனுஷன் ஆவதிலும் இவன்தான் ஜெயிக்க வேண்டுமா? இவர் செய்த திருட்டிலும் பேர் வாங்கப் போவது அவனா? வெளியே போகாமல் இங்கேயே கிடந்து, தினம் தினம் கண்ணெதிரே நல்லவனாக நடமாடப் போகிறான். ஆயுசு முழுக்க அவனுக்குக் கடன்பட்டவராக இவர் வாசலில் நிற்க வேண்டும். நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மனசாட்சி, நேர்மை என்று பெரிய வார்த்தையெல்லாம் அந்த நிமிஷம் அவர் பக்கத்தில் கூட வரவில்லை. பொறாமைதான் அவர் வாயைப் பிடித்துத் திறந்தது.

"அது என் உளி, மேடம்!"

கத்தியே விட்டார். எல்லாரும் திரும்பினார்கள்.

"நான்தான் மாத்தி வெச்சேன். அவன் ஒண்ணும் பண்ணல. அவனுக்கு இதுல ஒரு பேரும் வேணாம். நம்ம உளி என் வீட்டுல இருக்கு."

கண்காணிப்பாளர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஜன்னலிடம், "நீ போய் வேலையப் பாரு. உன் விடுதலைக்கு ஒண்ணும் இல்ல, பட்டறைக்கும் ஒண்ணும் இல்ல" என்றார். வார்டரைக் கையசைத்து வாசலுக்கு அழைத்துப் போனார். வழக்கமாக அவர் காவல் நிற்கிற அதே இடம்.

"எதுக்கு எடுத்துட்டுப் போனீங்க?"

"ஸ்டூல் செய்ய, மேடம்."

"செஞ்சீங்களா?"

"ஆடுது, மேடம்."

கண்காணிப்பாளருக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா, தெரியவில்லை. உள்ளே ரம்பம் மறுபடி ஓட ஆரம்பித்தது.

"ஓய்வறையில நீங்க பேசறதெல்லாம் என் காதுக்கும் வரும், வார்டர். ஜெயில்னா வலிக்கணும்னு சொல்வீங்களாமே. இப்ப உங்க வேலையே என் கையில இருக்கு. நீங்களே சொல்லுங்க. உங்கள நான் தண்டிக்கவா, திருத்தவா?"

இந்தக் கேள்விக்கு அவரிடம் பல வருஷமாகப் பதில் தயாராக இருந்தது. எத்தனை பேர் முன்னால் முழங்கியிருக்கிறார்! இப்போதோ அவர் கைகள் தாமாகவே கட்டிக்கொண்டன. தோள் குறுகியது.

"மொதல் தடவைங்க மேடம்..." என்றார் வார்டர்.

குரல் அவர் நடித்துக் காட்டுவது போலவே இழுத்துக்கொண்டு வந்தது. உள்ளே ரம்பச் சத்தம் நின்றிருந்தது. எல்லார் காதிலும் விழுந்திருக்கும். ஒருத்தரும் சிரிக்கவில்லை.