ரொட்டிக்காரி போடாத கையெழுத்து

எனக்கு வாய் நீளம்னு எங்க பட்டன் அறையில எல்லாரும் சொல்லுவாங்க. சட்டை பட்டனை அட்டையில வெச்சுத் தைக்கற வேலை எங்களுக்கு. கைக்குத்தான் வேலை, காது சும்மா கிடக்கும். முன்னெல்லாம் ரேடியோ பாடிட்டிருக்கும். தெருமுனையில பட்டாளம் வந்து நின்னதும் முதலாளி அதைக் கழட்டிக்கிட்டுப் போயிட்டார். செய்தி கேட்டா நாங்க பேசுவோமாம், பேசினா வம்பாம். போய்யா நீயும் உன் ரேடியோவும்னு நான் ஒரு கதைப் புஸ்தகம் கொண்டுவந்து சத்தமா வாசிக்க ஆரம்பிச்சேன். வாசிக்கற நேரத்துக்கு என் பங்கு அட்டைகளை மத்தவங்க தைச்சுக் குடுத்துடுவாங்க. நானும் மகாராணி கணக்கா உக்காந்து படிச்சேன்.

அது ஒரு ரொட்டிக்காரியோட கதை. ஆட்சி மாறி ஆளுங்களை அள்ளிட்டுப் போற காலம். அவ அடுத்த வீட்டுல இருக்கற வாத்தியாரையும் பிடிச்சிடறாங்க. எங்க தெருவுலயும் அதேதான் நடந்துட்டிருந்தது. ஆனா அதைப் பத்தி யாரும் வாயைத் திறக்க மாட்டோம். ரொட்டிக்காரியைப் பத்திதான் பேசுவோம். "பாவம், எப்படித்தான் தாங்கறாளோ" ன்னு ஒருத்தி சொல்லுவா. "தாங்காம என்ன செய்வா, அடுப்பு எரியணுமே" ன்னு இன்னொருத்தி. அந்தப் பேச்சுலதான் எங்களுக்கு மூச்சே வந்தது.

எல்லாரையும் விட உன்னிப்பா கேட்டது எங்ககூடத் தைக்கற மாடிவீட்டக்கா. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவாங்க. அச்சாபீஸ்ல வேலை பார்த்த அவங்க கொழுந்தனைப் பட்டாளத்துக்காரங்க பிடிச்சுட்டுப் போயிட்டாங்கன்னு எங்களுக்குத் தெரியும். நாங்க கேட்டுக்கல, அவங்களும் சொல்லல.

போன வாரம் முக்கியமான கட்டம். ரொட்டிக்காரியை விசாரணை ஆபீசுக்குக் கூப்பிட்டு, வாத்தியார் வீட்டுல கூட்டம் நடந்ததை என் கண்ணால பார்த்தேன்னு எழுதி வெச்சு, கையெழுத்துப் போடச் சொல்றாங்க. அவ பேனாவை மேஜையில வெச்சுட்டு, "நான் பாக்கலைங்க" ன்னு சொல்லணும். புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு. நான் நிமிர்ந்தேன். கதவோரத்துல மேஸ்திரி கையைக் கட்டிக்கிட்டு நின்னு கேட்டுட்டிருந்தார். அந்த ஆள் யார்கிட்ட என்ன சொல்லுவார்னு யாருக்குத் தெரியும். கண்ணு ஒண்ணைப் பாக்குது, வாய் வேற ஒண்ணை வாசிக்குது. "பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினாள்."

"அப்பாடா, பொழைச்சா" ன்னு யாரோ சொன்னாங்க. மேஸ்திரியும் தலையாட்டிட்டுப் போனார். மறுநாளே சரியா படிச்சிருக்கலாம். எந்த மூஞ்சியோட படிக்கறது? வாய்ச்சவடால் அடிக்கறவ பயந்துட்டான்னு தெரிஞ்சா மானம் போயிடுமேன்னு, அதுக்கு மேலயும் நானே இட்டுக்கட்டி வாசிச்சிட்டிருந்தேன்.

நேத்து சாப்பாட்டு நேரத்துல மாடிவீட்டக்கா என் பக்கத்துல வந்து உக்காந்தாங்க.

"உனக்கு ஒண்ணு சொல்லணும். என்னையும் விசாரணை ஆபீசுக்குக் கூப்பிட்டாங்க. எங்க வீட்டுல கொழுந்தன் கூட்டம் போட்டான்னு எழுதி வெச்சிருந்தாங்க. கையெழுத்துப் போடலேன்னா வீட்டுக்காரரையும் தூக்கிடுவோம்னாங்க. ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. அப்புறம் உன் ரொட்டிக்காரியை நினைச்சுக்கிட்டேன். அவ்வளவு ரோஷக்காரியே போட்டுட்டாளே, நாம எம்மாத்திரம்னு காலையில போய்ப் போட்டுட்டேன்."

"உண்மையிலேயே கூட்டம் நடந்துச்சாக்கா?"

"எங்க நடந்துச்சு. அவன் சோறு தின்னுட்டுத் தூங்குவான்." என் முதுகைத் தட்டினாங்க. "நல்லவேளை, நீ படிச்சே."

நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்தது. மேஸ்திரி மேல பழியைப் போடலாம்னு ஒரு நிமிஷம் தோணுச்சு, அதுவும் வெக்கமா இருந்தது. அந்த ஆள் ஒரு வார்த்தை பேசலியே.

சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் ஊசியைக் கையில எடுத்ததும் நான் புஸ்தகத்தைத் திறந்தேன். "நான் மாத்திப் படிச்சிட்டேன். பயத்துல படிச்சேன். இதுதான் அதுல இருக்கு" ன்னு சொல்லிட்டு, அந்தப் பக்கத்தை வரிவரியா வாசிச்சேன். அவ பேனாவைக் கீழே வெச்சது, அவளை ரெண்டு குளிர்காலம் உள்ளே வெச்சது, அவ மக அடுப்பு மூட்டக் கத்துக்கிட்டது, எல்லாம். யாரும் ஊசியை நகர்த்தல. மேஸ்திரி இருந்தாரா இல்லையான்னு நான் பாக்கவே இல்ல.

மாடிவீட்டக்காதான் கேட்டாங்க.

"போட்ட கையெழுத்தைத் திருப்பி வாங்கறதுக்கு அந்தப் புஸ்தகத்துல ஏதாவது வழி இருக்கா?"

கடைசிப் பக்கம் வரைக்கும் எனக்குத் தெரியும். "இல்லக்கா."

அவங்க மடியில கிடந்த பட்டன்களை டப்பாவுல கொட்டினாங்க. எழுந்து செருப்பை மாட்டினாங்க.

"எங்கக்கா போறீங்க?"

"அந்த ஆபீசுக்குத்தான். நான் சொன்னது பொய்னு சொல்லிட்டு வரேன்."

"அவங்க உங்களையும் உள்ளே வெச்சிடுவாங்கக்கா."

"வெக்கட்டும்."

நான் எழுந்து, "இருங்க, நானும் கூட வரேன்" ன்னேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. அந்த முகத்துல கோபம் இல்ல. இருந்திருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும்.

"நீ வேணாம்மா. அங்க வந்தும் நீ மாத்திச் சொல்லிடுவே."