சுப்பராயன் பட்டியலில் இல்லாத பதினொரு சந்துகள்

என் தகப்பனார் சுப்பராயன் திசையன்விளையிலிருந்து வந்து தி. நகரில் ஜவுளிக்கடை வைத்தவர். துணி கிழிக்கும்போது அளவுக்கு மேல் இரண்டு விரல் விட்டுத்தான் கிழிப்பார். அந்த இரண்டு விரலுக்காகவே மயிலாப்பூரிலிருந்து ஆட்கள் தேடி வந்தார்கள். பெசன்ட் நகரில் வீடு கட்டிக் குடிவந்ததும் குடியிருப்போர் சங்கத்துக்கு அவரைத் தலைவராக்கினார்கள். இப்போது நான் தலைவர். எனக்கு அறுபத்தெட்டு வயது. நல்லசிவம் என்ற என் பெயரைவிட, சுப்பராயன் மகன் என்று சொன்னால்தான் இங்கே பழைய ஆட்களுக்குத் தெரியும். அதில் எனக்குக் குறையில்லை.

எண்பத்தாறில் எங்கள் வட்டாரத்தில் எந்தத் தெரு எவ்வளவு நீளம் என்ற விவரம் யாரிடமும் சரியாக இல்லை. அப்பா தோல் உறை போட்ட நாடாவை எடுத்துக்கொண்டு இறங்கினார். நான்கு நாள், நாற்பத்து மூன்று தெரு. ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில். "தொய்ய விடாதலே. தொய்ஞ்சா இல்லாத நீளத்தைக் காட்டும். அது ஊருக்குப் பொய் சொன்ன மாதிரி" என்று அடிக்கடி திரும்பிப் பார்த்துச் சொல்வார். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அந்தப் பட்டியலை வார்டு அலுவலகத்தில் இன்றைக்கும் சுப்பராயன் பட்டியல் என்றுதான் சொல்கிறார்கள். வருடா வருடம் வார்டுக்கு வரும் பணத்தை அதை வைத்தே பிரித்தார்கள். நீளமான தெருவுக்கு அதிகம், குட்டைத் தெருவுக்குக் குறைவு. சண்டை வந்ததில்லை. ஒரு மனிதனின் நாடாவை ஓர் ஊர் நாற்பது வருடம் நம்பியது என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன்.

மறைந்த அப்பாவுக்கு இது நூற்றாண்டு வருடம். எங்கள் தெருவுக்குக் கருங்கல் நடைபாதை, தெருமுனையில் அவர் பெயர் பொறித்த கல் என்று சங்கத்தில் முடிவு செய்தோம். கவுன்சிலரும் சரி என்று சொல்லிவிட்டார். வார்டு மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபையில் தீர்மானம் போடுவது மட்டும்தான் பாக்கி.

சபைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு காலையில் கெங்கம்மா வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். எங்கள் தெரு முடிகிற இடத்தில் மீனவர் குப்பம் ஆரம்பிக்கிறது. கெங்கம்மா அங்கே பிறந்தவர், மீன் விற்பவர், ஏரியா சபையில் குப்பத்துக்கான உறுப்பினர். தலையில் கூடை இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன்.

"அண்ணாச்சி, கொஞ்சம் வெளிய வரணும்."

என் மனைவி தங்கம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "உள்ள வாங்க கெங்கம்மா. காபி குடிச்சிட்டுப் பேசலாம்."

"இருக்கட்டும்க்கா. இது வாசல்ல நின்னு சொல்ற சமாச்சாரம். உள்ள குந்திக்கினா செல்லாது."

அவர்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டாம். ஒரு குடும்பத்தின் மேல் பஞ்சாயத்தில் குறை சொல்ல வேண்டுமானால், முதலில் அந்த வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு அடுத்த அமாவாசை வரை அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. அந்த வீட்டார் தாங்களாகவே சரி செய்துகொள்ள அவகாசம். செய்யாவிட்டால் பஞ்சாயத்து. இதையெல்லாம் நிதானமாக விளக்கிவிட்டு, இடுப்பிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். அப்பாவின் பட்டியல். நகல்.

"தகவல் சட்டத்துல எழுதிப் போட்டு வாங்கினேன். நாப்பத்திமூணு தெரு கீது. உங்க தெருதான் கடேசி. அதுக்குக் கீழ பெரியவரு கையெழுத்து. எங்க சந்து பதினொண்ணு. ஒண்ணுகூட இதுல இல்ல."

"அதெல்லாம் புறம்போக்குன்னு விட்டிருப்பாங்க."

"புறம்போக்கோ இன்னாவோ, மழ பெஞ்சா சாக்கடத் தண்ணி எங்க அடுப்புலதான் வந்து நிக்குது. முந்நூத்தி எழுவது வீடு, ரெண்டே ரெண்டு கொழா. போய்க் கேட்டா, பட்டியல்ல இல்லாத எடத்துக்குப் பட்ஜெட்ல ஒரு வரிகூட எழுத முடியாதுன்றான். வருசா வருசம் இதே பதில்."

எனக்குக் கோபம் வந்தது. "எங்கப்பா வேணும்னே விட்டுட்டார்னு சொல்லுதியா?"

"இன்னா செஞ்சார்னுதான் நான் சொல்றேன் அண்ணாச்சி. ஏன் செஞ்சார்னு அவுருக்குத்தான் தெரியும்." குரல் உயரவில்லை. "எங்கம்மா தேவானை முப்பது வருசம் இந்த வாசல்ல மீன் வித்துது. பெரியவரு வெல பேச மாட்டாராம். அதுக்கோசரம்தான் மொதல்ல இங்க வந்தேன். இல்லாங்காட்டி நேரா சபையில நின்னு கூவியிருப்பேன். அமாவாசைக்கு மறுநாள்தான் சபை. வரட்டுமா?"

போய்விட்டார். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் வார்டு அலுவலகத்துக்குப் போனேன். உதவிப் பொறியாளர் தாரணி என் மகளைவிட இளையவர். எழுந்து நின்று நாற்காலி காட்டினார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். இந்த வருடம் அவர் தயாரித்த பட்ஜெட் தாளில் நீளத்துக்குப் பக்கத்தில் புதிதாக இரண்டு கட்டங்கள் இருந்தன. பத்து வருடத்தில் இந்த இடத்துக்கு என்ன கிடைத்தது என்று ஒன்று. இன்றைக்கு இங்கே என்ன இல்லை என்று இன்னொன்று.

"நீளத்தை மட்டும் பார்த்துப் பிரிச்சா, நல்லா இருக்கிற தெருவுக்கே திரும்பத் திரும்பப் போகுது சார். சமமாப் பிரிச்ச மாதிரிதான் தெரியும். ஆனா இல்லாதவங்க இல்லாதவங்களாவே இருப்பாங்க" என்றார்.

அந்தத் தாளில் எங்கள் தெருவுக்கு எதிரே எழுதியிருந்த வரியைப் படித்தேன். தார் இரண்டு தடவை, மழைநீர்க் கால்வாய் ஒரு தடவை, விளக்கு மாற்றியது மூன்று தடவை. இல்லாதது என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. நடைபாதையைக்கூட அவர் அதில் எழுதவில்லை.

"குப்பத்துக்கு?"

"அதுக்கு வரியே இல்லையே சார். பட்டியல்ல சேர்ந்தாதான் கட்டம் போட முடியும். சங்கம் ஆட்சேபிச்சா வருஷக்கணக்குல இழுக்கும். சங்கமே கேட்டா அன்னைக்கே சேர்த்துடலாம்."

"நடைபாதை?"

"ரெண்டும் ஒரே பணத்துல வராது சார். ஏதாவது ஒண்ணுதான்."

கவுன்சிலர் சரி என்று சொல்லிவிட்ட ஒரு வேலையைப் பற்றி, அவருக்கு வேண்டிய ஒரு பெரிய மனிதன் முகத்துக்கு நேரே, கண்ணைத் தாழ்த்தாமல் இப்படிச் சொல்ல முதுகெலும்பு வேண்டும். கோபத்தோடு போயிருந்த எனக்கும் அது புரிந்தது.

வீட்டுக்குப் போகாமல் தெருவின் கடைசிவரை நடந்தேன். நாற்பது வருடமாக நினைத்துப் பார்க்காத ஒன்று அங்கே எனக்காகக் காத்திருந்தது.

நான்காவது நாள் சாயங்காலம் நாங்கள் அளந்து முடித்தது இந்த இடத்தில்தான். எதிரே குப்பத்தின் முதல் சந்து. சந்து முனையில் ஒரு பெண் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். அந்தத் தண்ணீர் சந்து வழியாக ஓடி வந்துகொண்டிருந்தது. அப்பா நாடாவைச் சுற்றாமல் நின்றார். "இதையும் அளந்துருவமாலே?" என்று கேட்டார்.

எனக்குக் கல்யாணமாகி ஒரு மாதம். புது வேட்டி. "இது தெருவாப்பா? நாத்தம் தாங்கல. விடுங்க" என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை. மீன் ஆய்ந்துகொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். அவர்தான் தேவானை. அப்பா என் பக்கமும் சந்துப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாடாவைச் சுற்றினார். அதைப் பற்றி அவர் பிறகு பேசவே இல்லை. மீனுக்கு விலை பேசாதது அன்றைக்குப் பிறகு ஆரம்பித்த பழக்கமா, அதற்கு முன்பே இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை.

தங்கத்திடம் சொன்னேன். அவள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"இத்தன வருசமா சொல்லலியே."

"யாரும் கேக்கலியே."

"இப்ப கேட்டாச்சுல்லா. அந்தம்மா சபையில படிச்சா யார் பேரு கெடும்? மாமா பேருதான். நீங்க வாயைத் திறக்காம இருந்து அவுக தலையில போட்டுட்டு, அதுக்கு மேல கல்லையும் வச்சு மாலை போடுங்க."

குடும்ப மானத்தைக் காப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும், என் தவறை இறந்த மனிதரின் கையெழுத்துக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தேன். தங்கம் அதை இரண்டு வரியில் சொல்லிவிட்டாள்.

சபை நாள்வரை கெங்கம்மா தினமும் எங்கள் தெரு வழியாகக் கூடையோடு போனார். கொடுவா கேட்டால் கொடுவாவுக்கு விலை சொன்னார். தங்கம் பேரம் பேசினால் திருப்பிப் பேசினார். பட்டியலைப் பற்றி ஒரு சொல் இல்லை, முகத்தில் ஒரு குறிப்பு இல்லை. எங்கள் சங்கத்தில் ஒருவருக்கும் விஷயம் தெரியாது என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அடுப்பில் சாக்கடைத் தண்ணீர் நிற்கும் வீட்டிலிருந்து வருகிறவர், கையில் ஆதாரத்தை வைத்துக்கொண்டு, என் மரியாதைக்காக வாய் மூடியிருந்தார். அப்படிப்பட்ட கட்டுப்பாட்டை நான் எங்கள் கடைத்தெருவில் பெரிய பெரிய குடும்பங்களில்கூடக் கண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, அடையாறில் ஒரு பள்ளிக்கூட அறையில் சபை கூடியது. கெங்கம்மா முன் பெஞ்சில் இருந்தார். மடியில் அந்தக் காகிதம். கவுன்சிலர் முதல் தீர்மானமாக எங்கள் நடைபாதையைப் படித்துவிட்டு, "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்றார். கெங்கம்மா உடனே எழவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு மூச்சு விடும் நேரம். நான் எழுந்தேன்.

"இந்த நடைபாதை இப்ப வேண்டாம். பட்டியல்ல பிழை இருக்கு. குப்பத்துச் சந்து பதினொண்ணு விட்டுப்போச்சு. அதைச் சேர்க்கணும்னு சங்கத் தலைவரா நான் கேக்கறேன். இந்த வருஷப் பணம் முதல்ல அங்க போகட்டும்."

பின்னாலிருந்து எங்கள் சங்கத்துக்காரர் ஒருவர், "என்ன அண்ணாச்சி, பெரியவர் அளந்ததுல பிழையா?" என்றார்.

"அவர் அளக்கணும்னு சொன்னார். நாடாவோட மறுமுனையைப் பிடிச்சவன் நான். நாத்தம், வேண்டாம்னு நான்தான் சொன்னேன். அந்தம்மாவோட தாயார் காதுல விழற மாதிரியே சொன்னேன். பிழை என்னுது. அவர் பேரை இதுல யாரும் இழுக்க வேண்டாம்."

உட்கார்ந்தேன். முதுகை நேராக வைத்துக்கொண்டேன். கெங்கம்மா காகிதத்தை நான்காக மடித்துச் சுருக்குப் பையில் போட்டார். அதை அவர் யாருக்கும் படித்துக் காட்டவே இல்லை. எனக்கு நன்றியும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. தாரணி பக்கம் திரும்பி, "அப்ப எப்பம்மா அளக்கறது?" என்று மட்டும் கேட்டார்.

"நாளைக்கே அளக்கலாம்" என்றார் தாரணி.

கை தூக்கச் சொன்னார்கள். எங்கள் சங்கத்தில் இரண்டு பேர் தூக்கவில்லை. மற்றவர்கள் தூக்கினார்கள். தீர்மானம் நிறைவேறியது.

திங்கட்கிழமை காலை அப்பாவின் நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். தாரணி லேசரில் அளக்கும் கருவி கொண்டுவந்திருந்தார். "உங்க நாடாவுலயும் அளங்க சார். ரெண்டையும் ஒத்துப் பார்த்துக்கலாம்" என்றார். பெரியவர்களின் மனம் தெரிந்த பெண். முதல் சந்தின் வாயில் கெங்கம்மா நின்றார். மீன் கழுவிய தண்ணீர் அன்றைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. செருப்பு நனைவதைப் பார்க்காமல் அதில் இறங்கினேன்.

"பெயர் எழுதணுமே" என்றார் தாரணி, பலகையில் தாளைச் செருகியபடி.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கல்தான் இல்லை, இங்கேயாவது இருக்கட்டும் என்று. "உங்களுக்கு ஆட்சேபணை இல்லேன்னா, அப்பா பேரையே இந்த முதல் சந்துக்கு வைக்கலாம்" என்றேன் கெங்கம்மாவிடம்.

"தோ பாரு" என்று சிரித்தார் அவர். "பேரெல்லாம் எங்களாண்டயே கீது அண்ணாச்சி. உங்களுக்குத்தான் தெரியாது. அது மாதா சந்து, அது வலக்கார சந்து, அந்தாண்ட கீறது கட்டுமரத்தார் சந்து. இது தேவானை சந்து. எங்கம்மா செத்தப்புறம் எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க."

எனக்கு முகம் சுருங்கியது. ஆனால் அவர் சொன்னது சரி. கொடுக்கும் உரிமையும் என்னிடம்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். தாரணி நாற்பத்து நான்காவது வரியில் தேவானை சந்து என்று எழுதினார்.

கெங்கம்மா நாடாவின் முனையை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தார். ஓரிடத்தில் சந்து ஒன்றரை அடிக்குக் குறுகியது. அவர் பக்கவாட்டில் திரும்பி நுழைந்து மறுகோடிக்குப் போனார். ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன. வீட்டுக்குள்ளிருந்து யாரோ, "கெங்கா, அண்ணாச்சி கடையாண்ட ரவிக்கத் துணி அளக்கறியா?" என்று கேட்க, சந்து முழுக்கச் சிரிப்பு ஓடியது.

நான் முனையைத் தரையில் வைத்துக் குனிந்தேன். வேட்டி நனைந்தது. அந்தக் கோடியிலிருந்து கெங்கம்மாவின் குரல் வந்தது.

"அண்ணாச்சி, நடுவுல தொங்குது பாரு. நல்லா இஸ்துப் புடி."

இழுத்துப் பிடித்தேன்.