அக்கா மன்னித்த கதை

எங்கள் தையல் ஆலையில் குற்றத்தின் நிறம் சிவப்பு. ஆபரேஷன் அறையில் டாக்டர்கள் போடுகிற பச்சை அங்கிதான் நாங்கள் தைப்பது. தையல் பிசகிய அங்கி செக்கிங் மேஜைக்கு வந்தால், அதன் கழுத்துப்பட்டியில் ஊசியால் சிவப்பு நூல் கோத்து முடிச்சுப் போடுவார்கள். தைத்தவளின் மிஷினுக்கு மேலே ஓர் ஆணி உண்டு. சாயங்கால மணி அடிக்கும்வரை அங்கி அதில் தொங்கும். பிரித்துத் தைக்க ஐந்து நிமிஷம் போதும். ஆனால் ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிட்டால் மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பது எப்படி?

அந்த நூலைக் கட்டும் உரிமை பத்தொன்பது வருஷமாகச் செக்கிங் அக்காவிடம் இருந்தது. நான் அயர்னிங் பிரிவு. அதோடு அவளுக்குப் பக்கத்து வீடு. நடுவில் ஒரே சுவர், அதுவும் மெல்லிசு. ஆகவே நான் சொல்வதில் பாதி கண்ணால் கண்டது, மீதி காதால் கேட்டது. ஊகம் கிடையாது. இருந்தாலும் கொஞ்சம்தான்.

அவள் பார்த்து அனுப்பிய கட்டு ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லையாம். அதை அவளே வாரம் ஒரு முறை சொல்வாள். நடக்கும்போது கழுத்தைப் பிடித்திருக்கும் அழகைப் பார்த்தால், தலையில் நிறைகுடம் ஒன்று இருக்கிறதோ என்று தோன்றும். இருபது அங்கி ஒரு கட்டு. உள்ளே தன் பதினேழாம் நம்பர் சீட்டை வைத்து நாடாவால் கட்டிவிட்டாள் என்றால், பிறகு பேக்கிங்குக்குப் போகும்வரை வேறு எந்தக் கையும் அதைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் வேலை போய்விடும்.

மூன்று வருஷமாக அவளுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. என் வாசல் கொடியில் காய்ந்த என் வீட்டுக்காரர் சட்டையைப் பார்த்து, “என்னண்ணே, இன்னைக்கு லீவா?” என்று விசாரித்துவிட்டுப் போனவள் அவள். சட்டை பதில் சொல்லாததற்காக இரண்டு நாள் என்னிடம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

அவளுடைய தங்கை அதே ஆலையில் டெய்லர். அப்பா அம்மா போன பிறகு இருவரும் ஒரே வீட்டில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சுவர் வழியாக இப்படிக் கேட்டது.

“கண்ணாடிய மாட்டித் தொலையேன்க்கா.”

“மாட்டிக்கிட்டு செக்கிங்ல உக்காந்தா, இத்தன வருஷமும் குருட்டுப் பார்வதான் பாத்திருக்கான்னு பேசுவாளுங்க. நீ ஒண்ணு பண்ணு. சாப்பாட்டு மணியில என் கட்டுங்கள ஒரு தடவ பாத்துடு.”

“பிரிச்சா வேலையே போயிடுமேக்கா.”

“என் தங்கச்சிய எவன் கேப்பான்? நான் இருக்கேன்ல?”

அன்றிலிருந்து தங்கை பட்டினி. நாங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் ஊர்வம்பு மென்றுகொண்டிருக்க, அவள் தனியாகக் கட்டுகளைப் பிரிப்பாள். அக்கா கோட்டைவிட்ட அங்கிகளை எடுத்துத் தன் மிஷினில் சரிசெய்வாள். திரும்ப உள்ளே வைத்துக் கட்டுவாள். இரண்டு வருஷம் ஓடியது. அக்காவின் கழுத்து இன்னும் ஓர் அங்குலம் உயர்ந்தது.

மாட்டிக்கொண்டது முடிச்சில்தான். பேக்கிங் பிரிவில் ஒருத்தி இருக்கிறாள், ரேடியோ என்று கூப்பிடுவோம், நிறுத்தும் குமிழ் இல்லாத ரேடியோ. “செக்கிங் அக்கா முடிச்சு ஒத்த இழுப்புல அவுந்துடும். இதென்னடி, கப்பல் கயிறு மாதிரி ரெட்டை முடிச்சு?” என்று கண்டுபிடித்தது அவள்தான். மேனேஜரிடம் சொல்வதற்கு முன் நான்கு பேரிடம் சொன்னாள். நான் இரண்டாவது ஆள். மூன்றாவது ஆளுக்கு நான்தான் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மணியில் மேனேஜர் உள்ளே நுழைந்தார். பின்னால் நாங்கள் எல்லோரும், கை கழுவக்கூட இல்லை. தரையில் பிரித்த கட்டு. தங்கையின் மடியில் கை கோணலாகத் தைத்த மூன்று அங்கி. அவள் அவற்றை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். பார்க்கிறவனுக்கு உள்ளே திணிப்பதுபோல்தான் இருக்கும்.

“ஓஹோ! மோசமா தச்சத பாஸான கட்டுக்குள்ள சொருகுற வேலையா?” என்றார் மேனேஜர்.

தங்கை அக்காவைப் பார்த்தாள்.

“உங்களுக்கு இது தெரியுமாம்மா?” என்று மேனேஜர் அக்காவிடம் திரும்பினார்.

உண்மையைச் சொன்னால் அக்காவுக்குப் போவது மேஜை மட்டும். நூல் வெட்டும் பிரிவில் உட்கார வைப்பார்கள், அவ்வளவுதான். சொல்லாவிட்டால் தங்கைக்கு வேலையே போகும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடப் போட்டுவிடும் கணக்கு.

“எனக்கு எப்படி சார் தெரியும்?” என்றாள் அக்கா. “என் கட்டுல தப்பு பீஸ் எங்கருந்து சார் வரும்?”

“சரி. சனிக்கிழமை முடிவு சொல்றேன். அதுவரைக்கும் இந்த மூணும் இவங்க ஆணியில தொங்கட்டும். நூலக் கட்டுங்க.”

அக்கா ஊசியை எடுத்தாள். நூல் நுனியை எச்சிலில் நனைத்தாள். ஊசியின் காது ஒரு பக்கம், நூல் இன்னொரு பக்கம். நான்கு தடவை முயன்றாள். தங்கை எழுந்து வந்தாள். அக்காவின் கையிலிருந்து ஊசியை வாங்கினாள், ஒரே தடவையில் கோத்தாள், திருப்பி நீட்டினாள். அக்கா முடிச்சுப் போடும்வரை துணியையும் அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

அங்கே நின்ற முப்பது பேருக்கும் அந்த நிமிஷத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. மேனேஜருக்கு மட்டும் அதற்குள் போன் வந்துவிட்டது. நாங்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். அக்காவைப் பகைத்துக்கொண்டால் அப்புறம் எங்கள் ஆணி ஒரு நாளும் காலியாக இருக்காது. தவிர, சனிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அவ்வளவு நல்ல கதையைச் செவ்வாயிலேயே முடித்துவிட யாருக்கும் மனம் வரவில்லை.

அன்று சாயங்காலம் நான் சுவரை ஒட்டியே உட்கார்ந்து காய் நறுக்கினேன்.

“நீயே போய்ச் சொல்லிடுக்கா. நான் சொன்னா உன்ன காட்டிக் குடுத்த மாதிரி இருக்கும்.”

“சொல்றேன்டீ. சனிக்கிழமை சொல்றேன். என்ன விட்டா உனக்கு யாரு இருக்கா?”

சனிக்கிழமை காலை அக்கா இஸ்திரி போட்ட புடவையில் மேனேஜர் அறைக்குள் போனாள். பத்து நிமிஷம். வெளியே வரும்போது கண் சிவந்திருந்தது. பரவாயில்லை, இறங்கி வந்துவிட்டாள் என்று பக்கத்தில் நின்றவளிடம் நானே அவளைப் புகழ்ந்தேன். அந்தப் புகழ்ச்சியை நான் வீணாக்கியிருக்க வேண்டாம்.

மேனேஜர் எல்லோரையும் கூடத்துக்கு வரச் சொன்னார். “நான் வேலைய விட்டு அனுப்பறதாதான் இருந்தேன். ஆனா இந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டு, ‘என் முகத்துக்காக இந்த ஒரு தடவ மன்னிச்சிடுங்க சார், தாயில்லாப் பொண்ணு’ன்னு அழுதாங்க. அவங்க பெரிய மனசுக்காக விடறேன். இனிமே தையல் கிடையாது, நூல் வெட்டட்டும். எல்லார் முன்னாடியும் அக்காகிட்ட மன்னிப்புக் கேக்கணும்.”

தாயில்லாப் பெண்ணுக்கு முப்பத்தெட்டு வயது. ரேடியோதான் முதலில் கை தட்டினாள். பிறகு எல்லோரும். நானும் தட்டினேன். முன்வரிசையில் நின்றுகொண்டு தட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

தங்கை முன்னால் வந்தாள். அக்காவையே பார்த்தாள். அக்கா அவளுக்கு ஒரு சாண் தள்ளி எங்கேயோ பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தாள்.

“மன்னிச்சிடுக்கா. உன் கட்டப் பிரிச்சது தப்புதான். இனிமே ஜென்மத்துக்கும் பிரிக்க மாட்டேன்.”

அக்காவின் புன்னகை ஒரு நொடி ஆடியது. உடனே தங்கையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். கைதட்டல் இன்னும் பலமானது.

திங்கட்கிழமை காலை தங்கை வீட்டில் இல்லை. அவளுடைய பெட்டியும் இல்லை. அக்கா ஒரு காகிதத்தோடு என் வாசலுக்கு வந்தாள்.

“என்னமோ கிறுக்கி வச்சுட்டுப் போயிருக்கா. அவ கையெழுத்து யாருக்கும் விளங்காது. நீங்க கொஞ்சம் படிங்க. மன்னிப்புக் கேட்டிருப்பா.”

கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. படித்தேன்.

“அக்கா, வேற ஊர்ல வேலை பாத்துக்கறேன். என்னத் தேடாத. கண்ணாஸ்பத்திரியில வியாழக்கிழமை பத்து மணிக்கு உன் பேர எழுதி வச்சிருக்கேன். சீக்கிரம் வந்தா சரியாகிடும்னு டாக்டர் சொன்னாரு. யாருக்கும் தெரிய வேண்டாம்னா முக்காடு போட்டுக்கிட்டுப் போ.”

காகிதத்தை வாங்கி நான்காக மடித்தாள் அக்கா. “பாத்தீங்களா திமிர? அவ்வளவு பேர் முன்னாடி மன்னிச்சேன். போகும்போதும் என்ன குத்திட்டுதான் போறா.”

“வியாழக்கிழமை போய்ட்டுதான் வாங்களேன்” என்றேன். என் வாயிலிருந்து அபூர்வமாக வரும் நல்ல வார்த்தை.

“எனக்கென்ன கண்ணுக்கு?” என்றாள். அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கொடியில் காய்ந்த போர்வையைப் பார்த்துச் சொன்னாள்.

வியாழக்கிழமை வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனாலும் பரவாயில்லை என்று வாசலில் காத்திருந்தேன். எட்டு மணிக்கு அக்கா கிளம்பினாள். எதிரே பஸ் நிறுத்தத்தில் கழுத்தை நிமிர்த்தி நின்றாள். எந்த பஸ் என்று பார்த்து முன்னால் ஏறிக் காட்ட இன்று தங்கையும் இல்லை, நானும் பக்கத்தில் இல்லை. ஆலைக்குப் போகும் பஸ் வந்தது, போனது. கண்ணாஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸும் வந்தது, போனது. பக்கத்தில் நின்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாவதாக வந்த பஸ்ஸில், அது எங்கே போகிறது என்று தெரிந்தவள்போல முதல் ஆளாக ஏறினாள்.