மஞ்சள் தண்ணீரும் புதுத் தரையும்

ஒரு வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது எங்கள் அம்மா அம்மாக்கண்ணு வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்ததும் கொழும்பிலிருந்து ஓடிவந்த அண்ணன் யோகேஸ்வரன், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"அந்த சீமெந்துத் தரையில இனி அம்மா நடக்க வேணாம். ஈரமும் குளிரும். நான் கூட்டிட்டுப் போறேன்."

அவன் இருப்பது மூன்றாம் மாடியில். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்து லயத்தை, அந்த வரிசை வீடுகளை விட்டுப் போனால் அவர் பாதியாகிவிடுவார்.

"தரைய நான் மாத்துறேன். அம்மா வீட்டுக்கு வந்த மறுநாள் வந்து பாரு. புடிக்கலன்னா கூட்டிட்டுப் போ" என்றேன். எனக்கு எப்போதும் வாய்தான் முந்தும்.

ஹட்டனில் தரை போடும் வேலை செய்யும் பக்கீர் நானாவைப் பிடித்தேன். ஒன்றுக்குள் ஒன்று கொளுவிப் போடும் பலகைத் தரை. காலுக்குக் குளிராது, வழுக்காது. பலகை விரிந்து கொடுக்கச் சுவரோரம் விரல் நுழைகிற இடைவெளி விட்டார். அதை மறைக்கத்தான் சுவரின் அடியில் வெள்ளை ஸ்கர்ட்டிங் பலகை அடிக்க வேண்டும் என்றார்.

"ஒன்னு மட்டும் நெனவுல வெச்சிக்கோங்க தங்கச்சி. வாளித் தண்ணி ஊத்தவே கூடாது. பிழிஞ்ச துணியால தொடைங்க."

சனிக்கிழமை அம்மாவை அழைத்துவரப் போனேன். ஸ்கர்ட்டிங் வேலை கொஞ்சம் மிச்சமிருந்ததால் சாவியைப் பக்கத்து வீட்டு ராசம்மாக்காவிடம் கொடுத்தேன். நானாவுக்கு டீ கொடுக்கவும், அவர் போனதும் பூட்டவும் சொன்னேன். தண்ணீர் விஷயத்தைச் சொல்லத் தோன்றவில்லை.

மத்தியானம் ஆட்டோ லயத்துக்கு முன்னால் நின்றதும் மஞ்சள் வாசம் அடித்தது. விளக்குமாறும் வாளியுமாக ராசம்மாக்கா சிரித்துக்கொண்டு வந்தார்.

"நோயாளி வர்ற வீடு மரத்தூளும் செருப்புத் தடமுமா கெடந்துச்சு தனு. அரைப்பேரு போதும்னு மலையில இருந்து பாதி வேலையில வந்து, மஞ்சத்தண்ணி ஊத்தி நல்லா கழுவி விட்டுட்டேன்."

"அந்தத் தண்ணியெல்லாம் எங்கக்கா போச்சு?"

"அதான் அதிசயம்! சுவத்தோரமா அப்படியே உறிஞ்சிக்கிருச்சு."

அத்தனை தண்ணீரும் பலகைக்கு அடியில். "உங்கள யாருக்கா கழுவச் சொன்னது?" என்று லயமே கேட்கக் கத்தினேன். ராசம்மாக்காவின் முகம் செத்துப்போயிற்று.

"அவள ஏன்டி ஏசுற?" என்றார் ஆட்டோவுக்குள் இருந்த அம்மா. "ஆஸ்பத்திரியில இருந்து ஆள் வந்தா வீடு கழுவாம என்ன செய்வாங்க? நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்."

சந்தியில் பஸ்ஸுக்கு நின்ற பக்கீர் நானா, ஃபோன் பண்ணியதும் திரும்பி வந்தார். குனிந்து பார்த்து உச்சுக் கொட்டினார். "ஸ்கர்ட்டிங்க கழட்டுங்க, பலகையத் தூக்குங்க. இப்பவே காயவெச்சா தப்பிச்சிடும்."

எங்கே காயவைப்பது? வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"நம்ம லயத்துல அடுப்புக்கா பஞ்சம்?" என்றார் ராசம்மாக்கா. அம்மாவைத் தன் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு வீடு வீடாக ஓடினார். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் கூடையை இறக்கிய கையோடு பலகைகளைத் தூக்கிப் போனார்கள். நெருப்புக்குக் கிட்ட வைக்காமல் அடுப்படிச் சுவரில் சாய்க்கும்படி நானா பின்னாலேயே சொல்லிக்கொண்டு போனார். அன்று இரவு எங்கள் வீட்டுத் தரை லயம் முழுக்க விருந்தாளியாக இருந்தது. ஒரு வீடுகூட அடுப்பை அணைக்கவில்லை. என் ஏச்சைக் கேட்ட அதே ஆட்கள்தான். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சு நிறைந்தும் இருந்தது.

விடிந்ததும் நானா வந்து எல்லாவற்றையும் திரும்பக் கொளுவினார். ஊதிப்போன இரண்டு பலகைகள் அலுமாரிக்கு அடியில் போயின. ஸ்கர்ட்டிங்கின் அடிவிளிம்பில் மட்டும் மஞ்சள் கறை. "வெள்ளப் பெயிண்ட் ஒரு கை அடிச்சா மறைஞ்சிடும்" என்றார்.

"வேணாம் நானா. இருக்கட்டும்."

மத்தியானம் அண்ணன் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு மூலைக்கு மூலை நடந்தான், பெருவிரலால் அழுத்தினான், குந்திப் பார்த்தான். "இதென்ன மஞ்சளா இருக்கு?"

மறைத்திருக்கலாம். ஆனால் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அம்மாவைக் கையோடு கூட்டிப் போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க மாடியில பக்கத்து வீட்டு ஆளோட பேருகூட எனக்குத் தெரியாது தனு" என்றான். "அம்மா இங்கயே இருக்கட்டும்."

சொன்னது அவ்வளவுதான். அம்மா வெறுங்காலை மெல்லத் தரையில் ஊன்றி, "வெதுவெதுன்னு இருக்குடா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த லயத்துக்கு நான் எந்த நன்றியைச் சொல்லித் தீர்ப்பேன்?

அப்போது ராசம்மாக்கா அம்மாவுக்கு ரசம் கொண்டுவந்து, படியிலேயே தயங்கி நின்றார். வெளியே இன்னும் மழை.

"இந்தா தனு, நீயே வாங்கிக்க. என் காலெல்லாம் தண்ணி."

"ஈரக் காலோடயே உள்ள வாங்கக்கா" என்றேன்.